ஓவர்போர்ட்டில் ஒரு ஃபிளாட் வாங்கினோம்

2023 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் ஓவர்போர்ட் பகுதியில் நாங்கள் பார்த்த மூன்றாவது ஃபிளாட்டின் சமையலறை என்னை மயக்கிவிட்டது. வெள்ளை அலமாரி, கருங்கல் மேடை, ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் ஒரு விரற்கடை கடல். அடுப்பை எங்கே வைப்பது, கிரைண்டரை எங்கே வைப்பது என்று மனத்துக்குள் இடம் ஒதுக்கியே முடித்துவிட்டேன். மாதாந்தர லெவியும் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) 1,100 ராண்ட்தான். சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு குறைவாக யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாக ஏஜென்டிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் உம்கேனி ரோடு கோயிலில் ஒரு ஆன்ட்டியிடம் இதைச் சொன்னேன். டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். பேசுவது ஆங்கிலம். நடுநடுவே அவருடைய ஆயா, அதாவது பாட்டி, விட்டுப்போன தமிழ்ச் சொற்கள் வந்து விழும். கடலைப் பற்றியும் கருங்கல் மேடையைப் பற்றியும் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் போர்டு இருக்குமே கண்ணு, அதைப் படித்தாயா?”

படிக்கவில்லை. அன்று மாலை ஆறு மணிக்கு நானும் அவரும் திரும்பப் போனோம். போர்டில் மூன்று தாள்கள் ஒட்டியிருந்தன. முதல் தாளில் தண்ணீர்க் கட்டணப் பாக்கிக்காக நகராட்சி அனுப்பிய எச்சரிக்கை. இரண்டாவதில் லெவி கட்டாத ஃபிளாட்களின் எண்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. மூன்றாவது, லிஃப்ட் ‘தற்காலிகமாக’ இயங்காது என்ற அறிவிப்பு. அதில் போட்டிருந்த தேதிக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாலை வெயிலில் மாடிப்படியெங்கும் ஈர வாடை. காவலாளி நாற்காலி காலியாகக் கிடந்தது.

லெவி 1,100 ராண்டாக இருந்ததற்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. கட்டடத்துக்குச் செய்ய வேண்டிய எதையுமே செய்யாமல்தான் அதைக் குறைத்து வைத்திருந்தார்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஃபிளாட் வாங்குவதை ‘செக்‌ஷனல் டைட்டில்’ என்பார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டம் அது. உங்கள் வீட்டுச் சுவரின் நடுக்கோடு வரை உங்களுடையது. கூரை, படிக்கட்டு, லிஃப்ட், வெளிச்சுவர், தோட்டம் எல்லாம் பொதுச்சொத்து. அதிலும் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு. குடியிருப்புக் கட்டடங்களில் அந்தப் பங்கை ஃபிளாட்டின் பரப்பளவை வைத்துக் கணக்கிடுவார்கள். உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்தது ‘பாடி கார்ப்பரேட்’. கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டியதில்லை, பத்திரம் உங்கள் பெயருக்கு மாறிய நொடியில் நீங்கள் உறுப்பினர். தங்களுக்குள் சிலரை டிரஸ்டிகளாகத் தேர்ந்தெடுப்பார்கள். கணக்கு வழக்கைப் பெரும்பாலும் ஒரு மேனேஜிங் ஏஜென்ட் பார்ப்பார். பல பழைய கட்டடங்களில் தண்ணீருக்கு ஒரே மீட்டர்தான். பதினொரு பேர் லெவி கட்டாவிட்டால் அந்த பில்லைக் கட்டப் பணம் இருக்காது. நகராட்சி குழாயை மூடும்போது ஒழுங்காகக் கட்டியவர் வீட்டிலும் தண்ணீர் நின்றுவிடும்.

அந்த ஃபிளாட்டை விட்டுவிட்டோம். சமையலறையை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 2014இல் வந்தோம். என் கணவருக்குத் துறைமுகச் சரக்கு அலுவலகத்தில் வேலை, நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வேலை விசாவில் இருந்த காலத்தில் வங்கியில் விசாரித்தபோது பாதி விலையைக் கையில் கொண்டுவரச் சொன்னார்கள். 2022இல் நிரந்தர வசிப்புரிமை கிடைத்த பிறகு பத்து சதவீதம் போதும் என்றார்கள். இங்கே வீட்டுக்கடனுக்கு ‘பாண்டு’ என்று பெயர். பாண்டு பற்றிக் கேட்கப் போகிறவர்கள் விசா நிலைமையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டை அப்புறம் காட்டிக்கொள்ளலாம்.

ஓவர்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அவருக்கு ஊருக்கு வெளியே அமைதியான இடமாக வேண்டும். எனக்கு மனித நடமாட்டம் வேண்டும். பெரியா மேட்டின் மேல் இருக்கிற பகுதி இது. ஸ்பார்க்ஸ் ரோட்டில் இறங்கினால் ஒரு பக்கம் பிரியாணிக் கடை, மறுபக்கம் மலாவிக்காரரின் தையல் கடை, தள்ளி காங்கோ பெண்கள் தலை பின்னுகிற சலூன். விடியற்காலையில் பாங்கு ஒலிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜூலு சர்ச்சிலிருந்து பாட்டு வரும். மினிபஸ் டாக்ஸிகள் நாள் முழுவதும் ஹாரன் அடிக்கும். வெண்டைக்காயோ கறிவேப்பிலையோ வேண்டுமென்றால் நடந்தே போய் வாங்கிவரலாம். கறுப்பர், இந்தியர், வெள்ளையர் என்று ஆளுக்கொரு பகுதி பிரித்துவைத்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்து 1991வரை இருந்தது. கோயில் ஆன்ட்டியின் குடும்பத்தையும் அந்தச் சட்டம்தான் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்ப் போட்டது. இன்று ஒரே படிக்கட்டில் ஆறு மொழி கேட்கிறது என்றால் அதற்கு ஒரு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நன்றியோடுதான் நான் இங்கே குடியிருக்கிறேன்.

நான்காவதாகப் பார்த்ததைத்தான் வாங்கினோம். 36 வீடுகள் கொண்ட பழைய கட்டடம். இரண்டாம் மாடி, 74 சதுர மீட்டர், விலை 6,90,000 ராண்ட், லெவி 2,150. சமையலறை சுமார்தான். அலமாரிக் கதவு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இந்த முறை நாங்கள் பார்த்த விதமே வேறு. பகலில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை, லோட்ஷெடிங் நேரத்தில் ஒருமுறை போனோம். அந்த வருடம் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. இருட்டில் போனால்தான் வாசல் கேட் கையால் திறக்கிறதா, படிக்கட்டில் பேட்டரி விளக்கு எரிகிறதா, பம்ப் இல்லாமல் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்றெல்லாம் தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் தண்ணீர் நின்று நின்று வருவது பழகிப்போன விஷயம். ஆகவே தொட்டி இருக்கிறதா என்றும் கேட்டோம். இரண்டு பெரிய தொட்டிகள் இருந்தன. காவலாளியிடம் பத்து நிமிடம் பேசினேன். “சம்பளம் ஒழுங்காக வருகிறதா அண்ணா?” என்று நேரடியாகவே கேட்டேன். வருகிறது என்றார். எனக்கு அது வங்கி அறிக்கையைவிடப் பெரிய சான்று.

காகிதங்களுக்கு வருகிறேன். ‘ஆஃபர் டு பர்ச்சேஸ்’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டு, விற்பவரும் போட்டுவிட்டால் அது ஒப்பந்தம். ஏதோ முன்பதிவுச் சீட்டு என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள். வேண்டாமென்று ஐந்து நாளுக்குள் விலகும் உரிமை 2,50,000 ராண்ட் வரையிலான வீடுகளுக்குத்தான். அந்த விலைக்கு இப்போது எங்கே கிடைக்கிறது? எனவே நிபந்தனைகளை முதலிலேயே எழுத வேண்டும். இத்தனை நாளுக்குள் பாண்டு கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்பது எல்லோரும் எழுதுவது. கோயில் ஆன்ட்டி சொன்னபடி நாங்கள் இன்னொன்றும் சேர்த்தோம்: பாடி கார்ப்பரேட்டின் கணக்கறிக்கை, கடைசி ஆண்டுக் கூட்டத்தின் குறிப்புகள், நடத்தை விதிகள், பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டம் ஆகியவற்றைப் படித்து நாங்கள் திருப்தி அடைந்தால்தான் வாங்குவோம். ஏஜென்ட் முகம் சுளித்தார். விற்றவர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

‘வூட்ஸ்டூட்ஸ்’ என்று ஒரு ஆப்பிரிகான்ஸ் சொல் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். உள்ளது உள்ளபடி என்று பொருள். விற்ற பிறகு குறை சொல்லாதே என்பது அதன் கருத்து. ஆனாலும் விற்பவர் தெரிந்தே மறைத்த குறைக்கு அது கவசமாகாது. 2022 பிப்ரவரியிலிருந்து, ஏஜென்ட் மூலம் விற்கும்போது விற்பவர் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் கட்டாயம். அதை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ‘தெரியாது’ என்று எழுதிய இடத்தையெல்லாம் நீங்களே போய்த் தட்டிப் பாருங்கள்.

நான் தவறவிட்டது கூட்டக் குறிப்புகளில். மூன்றாண்டுக் குறிப்பு கேட்டேன், இரண்டு ஆண்டுடையதுதான் வந்தது. 2022ஆம் ஆண்டுக் குறிப்பில் ஒரு வரி: ‘கூரையில் நீர்க்கசிவு. மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும்.’ வாசித்தேன். நாம் இரண்டாம் மாடிதானே, கூரைக்கும் நமக்கும் என்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறவள், கூரையில் எனக்கும் ஒரு பின்னம் உண்டென்பதை மறந்தேன். செப்டம்பரில் பத்திரம் பதிவாயிற்று. நவம்பரில் டிரஸ்டிகள் கூரை வேலைக்காக, மாத லெவிக்கு மேல் ‘ஸ்பெஷல் லெவி’ என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் பங்கு 13,900 ராண்ட், ஆறு தவணை. தீர்மானம் நிறைவேறிய நாளில் யார் உரிமையாளரோ அவர்தான் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். விற்றவரிடம் கேட்க வழியில்லை. ‘இந்தத் தேதிக்கு முன் கூட்டக் குறிப்பில் பேசப்பட்ட வேலைக்கு ஸ்பெஷல் லெவி வந்தால் விற்பவர் செலுத்துவார்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் போதும். குறிப்புகளில் ‘கொட்டேஷன்’ என்ற சொல் எங்கே வந்தாலும் அடிக்கோடு போடுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

பார்க்கிங்கிலும் அடி வாங்கினோம். “பதினாலாம் நம்பர் உங்களுடையது” என்று ஏஜென்ட் வாயால் சொன்னார். பார்க்கிங் பெரும்பாலும் மூன்று வகையில் இருக்கும். தனிப் பத்திரத்தோடு உங்கள் பெயருக்குப் பதிவான தனிப்பயன் பகுதியாக இருக்கலாம். கட்டட விதிகளில் உங்கள் ஃபிளாட்டுக்கென்று எழுதப்பட்டிருக்கலாம். அல்லது டிரஸ்டிகள் யாரோ ஒருவருக்குப் பயன்படுத்தக் கொடுத்ததாக மட்டும் இருக்கலாம். எங்களுடையது மூன்றாவது வகை. பழையவர் போனதும் அந்த இடம் காத்திருப்புப் பட்டியலில் இருந்த வேறொருவருக்குப் போய்விட்டது. எட்டு மாதம் தெருவில் வண்டியை நிறுத்தினோம். ஒருநாள் இரவு கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். பார்க்கிங் எந்த வகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பணக் கணக்கு இப்படி. முன்பணம் 70,000, பாண்டு 6,20,000. அப்போது வங்கிகளின் அடிப்படை வட்டியான ‘பிரைம்’ 11.75 சதவீதம். இருபது வருடத்துக்கு மாதம் 6,700 ராண்டுக்குச் சற்று மேல். பெருக்கிப் பார்த்தால் 16 லட்சத்தைத் தாண்டுகிறது. அந்தத் தொகையைப் பார்த்த இரவு நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. பத்திர மாற்ற வரி கிடையாது. அந்த ஆண்டில் 11 லட்சம் வரை விலக்கு, 2025 ஏப்ரலிலிருந்து 12,10,000 வரை. வரி இல்லை என்றதும் செலவே இல்லை என்று இருந்துவிட்டோம். பத்திர மாற்றத்துக்கு ஒரு வக்கீல், பாண்டு பதிவுக்கு வங்கியின் வக்கீல், இரண்டும் சேர்ந்து 50,000 ராண்டை ஒட்டி வந்தது. மின் வயரிங் சரி என்ற சான்றிதழ், நகராட்சிப் பாக்கி இல்லை என்ற சான்று, லெவி பாக்கி இல்லை என்ற சான்று ஆகியவை விற்பவர் தரப்பு வேலை. அவை வராமல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பதிவு அலுவலகத்தில் எதுவும் நகராது.

எங்கள் பத்திரம் மூன்று வாரம் தாமதமானது வேறு காரணத்தால். தமிழ்நாட்டுக்காரர்கள் இதைக் கவனியுங்கள். இங்கே எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் கேட்பார்கள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பாவின் பெயர். என் கணவருடையதில் அவருடைய அப்பாவின் பெயர். திருமணச் சான்றிதழில் இருவருக்கும் இனிஷியல் மட்டும். மகனுக்கு என் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்! வக்கீல் அலுவலகப் பெண் என்னைப் பார்த்து, “நீங்கள் உண்மையிலேயே இவருடைய மனைவிதானா?” என்று மரியாதையாகவே கேட்டாள். வெளிநாட்டில் நடந்த திருமணம் என்றால் அந்நாட்டுச் சட்டப்படி நடந்தது என்று பத்திரத்திலேயே எழுதுவார்கள், கணவன் மனைவி இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். இனிஷியலின் விரிவு என்ன, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. வீடு தேடும் முன்பே இதை முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்து மின்னஞ்சலில் இருக்கிறது. வக்கீலின் மின்னஞ்சலைத் திருடர்கள் இடைமறித்து, வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். இப்படி 55 லட்சம் ராண்ட் இழந்த ஒரு பெண்ணின் வழக்கில், எண்ணைச் சரிபார்க்க அவருக்கு வாய்ப்பு இருந்தது, வக்கீல் நிறுவனம் பொறுப்பல்ல என்று 2024இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாங்கள் முன்பணம் கட்டும்போது என் கணவர் நேரிலேயே போய் எண்ணை எழுதி வாங்கிவந்தார். அரை நாள் லீவு போயிற்று. போகட்டும்.

குடிவந்த பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால் இது பாதிக் கதைதான். 2024 ஜூலையில், குளிர் அதிகமாக இருந்த ஒரு விடியற்காலையில் கீசர் வெடித்தது. தண்ணீர் தளத்தில் ஊறி, கீழ்வீட்டுக் கூரைப்பலகையை நனைத்துவிட்டது. கீழே காங்கோ குடும்பம். அந்த அம்மா ஸ்பார்க்ஸ் ரோடு சலூனில் தலை பின்னுகிறவர். நான் ஈரச் சேலையோடு ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அவருடைய பிள்ளைகள் ஏற்கெனவே பாத்திரங்களை வரிசையாக வைத்து ஒழுகுகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீரைத் துடைக்க அவரே துணியோடு மேலே வந்தார். கட்டடக் காப்பீட்டை பாடி கார்ப்பரேட் எடுத்திருக்கும், கீசர் அதில் அடங்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு மட்டும் சுடுநீர் தரும் கீசரைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு, காப்பீட்டில் நம் பங்காகக் கழிக்கும் தொகையும் நம் தலையில்தான். வாங்கும் முன் கீசரின் வயதைக் கேளுங்கள். அதன் மேலேயே ஒட்டியிருக்கும்.

பிறகு கோலம். மார்கழி வந்ததும் வழக்கம்போல் வாசலில் சின்னதாக ஒரு புள்ளிக்கோலம் போட்டேன். நான்காம் நாள் மேனேஜிங் ஏஜென்டிடமிருந்து கடிதம்: பொதுச்சொத்தான நடைபாதையில் தூள் கொட்டப்படுகிறது, நடத்தை விதி மீறல். கையில் அந்தத் தாளோடு நெடுநேரம் நின்றேன். என் வாசல் எனக்குச் சொந்தமில்லை என்பது சட்டப்படி சரி. சட்டப்படி சரியாக இருப்பதும் சில நேரம் வலிக்கும். கோபமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். என் கணவர்தான் தடுத்து, டிரஸ்டிகள் கூட்டத்தில் நேரில் போய்ப் பேசச் சொன்னார். போனேன். புகார் கொடுத்தவர் எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி. ஊன்றுகோலோடு நடப்பவர். மாவு வழுக்கி விழுந்துவிடுவோமோ என்று பயந்திருக்கிறார். அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகிவிட்டது. கதவை ஒட்டி ஒரு முழம் அகலத்துக்குள், நடக்கும் பாதையை விட்டு, சாக்பீஸில் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாகி, குறிப்பிலும் எழுதினார்கள். கீழ்வீட்டுச் சிறுமி இப்போது சனிக்கிழமை காலையில் மேலே வந்து புள்ளி வைத்துக் கொடுக்கிறாள். ஐந்துக்கு ஐந்து அவளுக்குத் தானாகவே வரும்.

வாங்குவதற்கு முன்பே நடத்தை விதிகளை இந்தக் கண்ணோடு வாசித்திருக்க வேண்டும். பால்கனியில் துணி காயப்போடலாமா, நாய் வளர்க்கலாமா, இரவு எத்தனை மணிவரை சத்தம், தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தலாமா, கருவாடு வறுத்தால் புகார் வருமா. (கருவாட்டுக்கு விதி ஏதுமில்லை. மூன்றாம் மாடி குஜராத்திக் குடும்பத்திடம் நானாகவே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வறுப்பேன்.) உரிமையாளர்களுக்குள் தீராத சண்டை என்றால் சமூகக் குடியிருப்புகளுக்கான ‘ஆம்பட்’ என்ற குறைதீர்ப்பு அலுவலகம் இருக்கிறது. வழக்கு மன்றத்தைவிடச் செலவு மிகக் குறைவு. அதற்காகத்தான் லெவியோடு மாதம் அதிகபட்சம் 40 ராண்ட்வரை தனியாகப் பிடிக்கிறார்கள். ஆனாலும் முதலில் கதவைத் தட்டிப் பாருங்கள்.

போன ஆண்டுக் கூட்டத்தில் என்னையும் டிரஸ்டியாகப் போட்டுவிட்டார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. லிஃப்டின் கம்பிவடம் மாற்ற வேண்டும். இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது, மூன்றாவதுக்குக் காத்திருக்கிறோம். ஆறாம் மாடியில் ஒரு ஃபிளாட் விற்பனைக்கு வந்திருக்கிறது. பார்க்க வந்த இளம் தம்பதி சமையலறையைப் படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். அவர்களை நிறுத்தி, நோட்டீஸ் போர்டில் நான் ஒட்டியிருந்த அந்தக் கூட்டக் குறிப்பைக் காட்டினேன்.